கட்ஆஃப் என்ன வச்சீங்கன்னு யாரும் கேக்குறதில்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை அறிவியல் பக்கத்துல, கம்ப்யூட்டர்லயே புது பேட்டரி பொருள் தேடுறாங்கன்னு வந்த கட்டுரைய படிச்சேன். எங்க வேலைய பத்தி தமிழ் பேப்பர்ல அரை பக்கம் வர்றதே பெரிய விஷயம், அம்மாகிட்ட காட்டி இதத்தான்மா நான் மூணு வருஷமா பண்றேன்னு சொன்னேன், ஒருவழியா நம்புனாங்க. ஆனா ஒரு வரி உறுத்திக்கிட்டே இருக்கு. சூப்பர் கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு பொருளோட எனர்ஜி தசமத்துக்கு அப்புறம் பத்து இலக்கம் வரைக்கும் துல்லியமா வந்துரும்னு எழுதியிருந்தீங்க. பத்து இலக்கம் பிரிண்ட் ஆகும்ங்கறது நெசம்தான், அதுல எத்தன இலக்கத்த நம்பலாம்ங்கறது க்ரிட் கட்ஆஃப்னு ஒரு நம்பர நாம என்ன வச்சோம்ங்கறதுல இருக்கு, அது என்னன்னு கட்டுரையில ஒரு வார்த்தை கூட விளக்கல.

ஸ்கூல்ல கிராஃப் பேப்பர்ல இலைய வச்சு வரைஞ்சு கட்டத்த எண்ணி பரப்பளவு கண்டுபிடிச்சது ஞாபகம் இருக்கா? பாதிக்கு மேல இருந்தா ஒண்ணுன்னு எடுத்துக்கோ, கம்மியா இருந்தா விட்டுருன்னு டீச்சர் சொல்லுவாங்க. நாங்க பண்றதும் கிட்டத்தட்ட அதேதான், இலைக்கு பதிலா எலக்ட்ரான் டென்சிட்டி, அதாவது எந்த இடத்துல எலக்ட்ரான் எவ்ளோ அடர்த்தியா இருக்குங்கறது, தாளுக்கு பதிலா க்ரிட்னு சொல்ற முப்பரிமாண புள்ளிங்க. கட்ஆஃப ஏத்தினா புள்ளி நெருக்கமாகும். நான் ஓட்டுற சிபி2கே சாஃப்ட்வேர்ல கட்ஆஃப் 280 ரிட்பெர்க் (இது எனர்ஜிய அளக்குற ஒரு அலகு) வச்சா புள்ளிக்கு புள்ளி 0.1 ஆங்ஸ்ட்ராம் கிட்ட வரும், ஆங்ஸ்ட்ராம்ங்கறது மில்லிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு. 64 தண்ணி மூலக்கூற 12.42 ஆங்ஸ்ட்ராம் பெட்டியில அடைச்சா பக்கத்துக்கு 125 புள்ளி, மொத்தம் 20 லட்சம் கிட்ட. அதையே 560 ஆக்குனா ரெண்டு மடங்குதானேன்னு நினைக்காதீங்க, 55 லட்சம் தாண்டிரும். அதனாலதான் யாருக்கும் ஏத்த மனசு வராது, கம்ப்யூட்டர் நேரம் அளந்துதான் குடுக்குறாங்க.

இன்னொரு கூத்து, இலைய எடுத்து அதே தாள்ல கால் கட்டம் தள்ளி வச்சு எண்ணுனா விடை கொஞ்சம் மாறுமில்ல, இலை அதேதான். எங்களுக்கும் அப்படித்தான், மூலக்கூற பெட்டிக்குள்ள லேசா நகத்துனா எனர்ஜி மேலயும் கீழயும் ஆடும், இயற்கையில அப்படி எதுவும் கிடையாது, புள்ளி பத்தலைன்னு அர்த்தம். முட்டை அட்டை மாதிரி ஏறி இறங்குறதால எக் பாக்ஸ் எஃபெக்ட்னு பேரு. ஆக்சிஜன் மாதிரி எலக்ட்ரான இறுக்கி புடிச்சு வச்சிருக்குற அணுவுல இது ரொம்ப தெரியும், சிலிக்கான் சாது.

இது எனக்கு தெரியாம போய்த்தான் போன வருஷம் ரெண்டு வாரம் மண்ணா போச்சு. மக்னீசியம் ஆக்சைடு பரப்புல ஒரே ஒரு தண்ணி மூலக்கூற வச்சு ரிலாக்ஸ் பண்ணனும், அதாவது அணுங்க மேல இருக்குற ஃபோர்ஸ் அடங்குற வரைக்கும் படிப்படியா நகத்தணும், அவ்ளோதான் வேலை. யாரோ சிலிக்கானுக்கு எழுதி வச்சிருந்த இன்புட் ஃபைல காப்பி அடிச்சேன், கட்ஆஃப் 150, அத தொடவே இல்ல. ஸ்டெப் 300 தாண்டியும் ஃபோர்ஸ் இறங்க மாட்டேங்குது, கிட்ட வருது, திரும்ப ஏறுது. நான் அணுவ நகத்துற முறைய, அதான் ஆப்டிமைசர, மாத்துனேன், ஸ்டெப் சைஸ மாத்துனேன், கடைசியில தண்ணிய கூட திருப்பி வச்சு பாத்தேன். பக்கத்து சீட் அக்கா லாக் ஃபைல ஒரு நிமிஷம் பாத்துட்டு "எலக்ட்ரான எண்ணி பாத்தியா"ன்னு கேட்டாங்க. க்ரிட்ல கூட்டுனா எத்தன எலக்ட்ரான் வருதுன்னு அதுவே ஒரு வரி பிரிண்ட் பண்ணும், நான் சொன்ன 64 தண்ணின்னா வெளிய இருக்குற வேலன்ஸ் எலக்ட்ரான் மட்டும் 512 வரணும், எவ்ளோ விலகுதோ அவ்ளோ க்ரிட் மோசம். என் ஃபைல்ல மூணாவது தசமத்துலயே விலகியிருந்துச்சு, நான் அந்த வரிய ஒரு நாளும் படிச்சதில்ல.

சரி கட்ஆஃப ஏத்திட்டா முடிஞ்சுதான்னா, இல்ல. சிபி2கே ஒரே தாள வச்சு எண்ணாது, வழக்கமா நாலு தாள் வச்சுக்கும், ஒவ்வொண்ணோட கட்ஆஃபும் முந்தினதுல மூணுல ஒரு பங்கு, 280ன்னா அடுத்தது 93, 31, 10. வாழை இலைக்கு பெரிய கட்டம் போதும் முருங்கை இலைக்கு பொடி கட்டம் வேணும்ங்கற மாதிரி, எலக்ட்ரான் டென்சிட்டிய காஸியன்னு மணி வடிவ வளைவுங்களா பிரிச்சு, அகலமான காஸியன் பெரிய கட்டத்துக்கும் கூரானது பொடி கட்டத்துக்கும் போகும். எது எங்க போகணும்னு முடிவு பண்றது ரெல் கட்ஆஃப்னு இன்னொரு நம்பர், காஸியன் எவ்ளோ கூருன்னு சொல்ற எக்ஸ்போனென்ட்ட அதால பெருக்கி, அந்த அளவுக்கு தாங்குற தாள்லயே பெரிய கட்டம் எதுவோ அதுல வச்சிரும். இத 10னு வச்சுட்டா எக்ஸ்போனென்ட் 5 உள்ள காஸியனுக்கு 50 போதும்னு 93 தாளுக்கு போயிரும், நீங்க 280ஐ 840 ஆக்குங்க, இப்ப தாளுங்க 840, 280, 93, 31, அது திரும்பவும் அதே 93லதான் போய் உக்காரும்! கம்ப்யூட்டர் நேரம் செலவாகும், விடை அவ்வளவா நகராது, ஆஹா கன்வர்ஜ் ஆயிருச்சு, இனிமே விடை மாறாதுன்னு எழுதிருவோம். இதுல ஏமாந்தவங்க நெறைய பேரு.

அதனால முதல்ல ரெல் கட்ஆஃப 60 மாதிரி தாராளமா வச்சுட்டு கட்ஆஃப 200, 300, 400னு ஏத்தி, அணுங்கள நகத்தாம ஒரே ஒரு தடவ கணக்கு போடுற சிங்கிள் பாயிண்ட் ஓட்டி பாக்கணும், அப்புறம் கட்ஆஃப நிறுத்திட்டு ரெல் கட்ஆஃப மாத்தி பாக்கணும், காஸியன் எந்தெந்த தாளுக்கு எத்தன போச்சுன்னு லாக்ல இருக்கும் அதையும் பாக்கணும். எனர்ஜி மட்டும் பத்தாது, ஃபோர்ஸ் பாக்கணும், பெட்டி அளவ மாத்துற வேலைன்னா ஸ்ட்ரெஸ்ஸும் (பெட்டி மேல வர்ற அழுத்தம்) பாக்கணும், அது நிலைக்கு வர இன்னும் அதிகம் கேக்கும். இங்க எனர்ஜி ஒரே பக்கமா இறங்கிக்கிட்டே போகாது, ஏறும் இறங்கும், ரெண்டு நம்பர் தற்செயலா ஒத்துப்போச்சுன்னு நிறுத்திரக் கூடாது. எல்லாம் அரை நாள் வேலைதான்.

இப்படி சரிபார்த்து ஓட்டுனா பலன் உண்டு. 2016ல சயின்ஸ் இதழ்ல 71 தனிமத்தோட படிகத்துக்கு 15 சாஃப்ட்வேர வச்சு ஒப்பிட்டாங்க, இப்ப இருக்குற நல்ல முறைங்க ஒண்ணுக்கொண்ணு நல்லாவே ஒத்துப்போச்சு, ஏன்னா ஒவ்வொருத்தரும் தன் செட்டிங்க இறுக்கி வச்சு ஓட்டுனாங்க. திருச்சி என்ஐடியில 2022ல வந்த பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் மாதிரி 838 டெராஃப்ளாப் (செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு) மெஷினா இருந்தாலும் 150 வச்சா 150க்கு உண்டான விடைதான், என்ன, சீக்கிரமா வரும்.

கடைசியா ஒரு திருத்தம், இத அவசியம் போடுங்க. கட்டுரை ஓரத்து பெட்டியில கட்ஆஃப் "280 எலக்ட்ரான் வோல்ட்"னு இருந்துச்சு, அது 280 ரிட்பெர்க். ஒரு ரிட்பெர்க் 13.6 எலக்ட்ரான் வோல்ட், அப்போ 3,800க்கு மேல. இத பாத்துட்டு மத்தவங்க 520 எலக்ட்ரான் வோல்ட்டுல ஓட்டுறாங்களே இவங்க ஏன் இவ்ளோன்னு வாசகர் யாராவது கேட்டா, அந்த 520 வேவ் ஃபங்ஷனுக்கு, அதாவது எலக்ட்ரான விவரிக்கிற அலைக்கு, வைக்குற கட்ஆஃப், இது டென்சிட்டிக்கு வைக்குறது, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்க முடியாதுன்னு சொல்லிருங்க.

இப்படிக்கு,
ஒரு ஆராய்ச்சி மாணவி, திருச்சி