கடல் மீனுக்கும் உப்பு போடத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் மீன் உப்புத் தண்ணீரிலேயே கிடப்பதால் சதையில் உப்பு ஊறியிருக்கும், குழம்புக்குப் பாதி உப்பே போதும் என்று போன ஞாயிறு உங்கள் சமையல் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. பென்னாகரத்துக்காரர்களான எங்களுக்கு ஒகேனக்கல் மீன்தான் பழக்கம், கடல் மீன் ஐஸ் பெட்டியில் வந்தால் உண்டு. குறிப்பை நம்பி வைத்த சங்கரா குழம்பு சப்பென்று போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீன் ரத்தத்தில் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். (சுறா, திருக்கை கணக்கு வேறு.) அதனால் மீன் உடம்பிலிருக்கும் தண்ணீர் கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட மீன் கடல்நீரையே குடிக்கிறது. 1930ல் ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்கர் இதைச் சோதித்துக் காட்டினார்.

சரி, குடித்த உப்பு? கொஞ்சம் உணவுக்குழாயிலேயே ரத்தத்துக்குப் போய்விடும். மிச்சத்தைக் குடல் சுவரில் இருக்கும் ஒரு புரதம் உள்ளே ஏற்றுகிறது, ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று. நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, நாலு சீட்டும் நிரம்பினால்தான் வண்டி நகரும். செல்லின் மறுபக்கம் ஒரு பம்ப் சோடியத்தை ரத்தத்துக்குத் தள்ளும், குளோரைடு தன் வழியில் போகும், உப்பு போன பின்னாலேயே தண்ணீரும் போகும். தண்ணீர் வேண்டுமென்றால் முதலில் உப்பை வாங்கியாக வேண்டும், வேறு வழியில்லை. அப்புறம் அந்த உப்பைச் செவுள் வெளியே தள்ளிவிடும், சதையில் தங்க விடாது.

இன்னொன்று. குளோரைடில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் குடல் பைகார்பனேட்டை விடுகிறது, அது கடல்நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். கடல் மீன் குடலில் சில சமயம் வெள்ளையாக நறநறவென்று இருப்பது இதுதான். நம் போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிறதே, கிட்டத்தட்ட அதே சரக்கு. கடலில் உருவாகும் கார்பனேட்டில் 3 முதல் 15 சதவீதம் மீன் குடலிலிருந்து வருவதாக 2009ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது.

அதனால் சங்கராவோ கெண்டையோ, குழம்புக்கு உப்பு ஒரே அளவுதான் என்று ஒரு திருத்தம் போடுங்கள். கருவாட்டுக்குக் குறைக்கலாம், அந்த உப்பு நாம் போட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.