கல்யாண பிளவுஸ் டிசைன் பண்றவங்களுக்கு ஆரி போடுற ஒருத்தி எழுதுறது

வணக்கம். பொட்டீக் நடத்துற அக்காமாருக்கும், ஃபேஷன் டிசைனிங் படிச்சிட்டு பிளவுஸ் ஆர்டர் எடுக்கிற தங்கச்சிங்களுக்கும் தான் இந்த மடல். ஒண்ணே ஒண்ணு தான் கேக்குறேன், கஸ்டமர்கிட்ட டிசைனை ஓகே பண்றதுக்கு முன்னாடி அதை ஃபிரேம்ல உக்காந்து ஆரி, அதாவது கொக்கி ஊசி எம்பிராய்டரி, போடப்போறவங்ககிட்ட ஒரு தடவை காட்டுங்க.

இப்ப என்ன நடக்குதுன்னா கஸ்டமர் போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் காட்டுவாங்க, நீங்க ரேட் பேசி அட்வான்ஸும் வாங்கிடுவீங்க, அப்புறம் தான் அந்த படம் எங்களுக்கு வரும், "அப்படியே வேணும்"னு ஒரு வாய்ஸ் நோட்டோட. அப்படியே எப்படிங்க வரும்? துணி வேற, உடம்பு வேற. பேக் நெக் ஆழமா வச்சு அதைச் சுத்தி குந்தன் ஸ்டோனும் ஜர்தோசிங்கிற உலோகக் கம்பி வேலையும் நிறைச்சா வெயிட்ல கழுத்து கீழ இழுக்கும், சாஃப்ட் சில்க்னா இன்னும் மோசம். இடது தோள்ல முந்தி வரும்னு தெரிஞ்சும் அங்க தூக்கலா கல்லு வைக்கச் சொல்றீங்க, அது பட்டுப் புடவை நூலைத் தான் இழுக்கும், பின் குத்தவும் இடம் இருக்காது. அக்குள் பக்கம் கட் பீட்ஸ் வச்சா கை அசைக்கிறப்பலாம் உரசும். தையல் கோட்டு மேல பீட்ஸ் வந்தா மிஷின் ஊசி உடையும், டைலர் அந்த இடத்துல வெட்டிட்டா சங்கிலி மாதிரி கோத்துப் போற செயின் ஸ்டிச் அங்கருந்தே பிரிய ஆரம்பிச்சிடும். அதனால தான் அளவு மார்க் பண்ணி கொடுங்க, மார்ஜின் விட்டு கொடுங்கன்னு கெஞ்சுறோம், வேலைக்கு சோம்பல் பட்டு இல்ல.

இந்த ஆரி ஊசி குஜராத்ல கட்ச் பக்கம் தோல் வேலை பாத்த மோச்சிங்க கையில இருந்து வந்தது. செருப்புத் தோலைக் குத்துன கொக்கி ஊசி மெலிசாகி பட்டுத்துணிக்கு வந்திருக்கு. பிரான்ஸ்லயும் கொக்கி ஊசி இருக்கு, லூனவில்னு சொல்வாங்க, அதுல பீட்ஸை துணியோட பின்பக்கம் பாத்து போடுவாங்க, நல்ல பக்கம் அடியில இருக்கும். நாம மேல பாத்தே போடுறோம், அதனால ஒரு பூவுக்கு கலர் செட் ஆகலன்னா ரெண்டாவது இதழ்லயே எங்களுக்கு தெரிஞ்சிடும். அப்ப போன் பண்ணா தயவுசெஞ்சு எடுங்க.

முக்கியமா, உண்மையான துணியில ஒரு பூ, ஒரு பார்டர் துண்டு மட்டும் சாம்பிள் போட்டு கஸ்டமருக்கு காட்டுவோம். அதுக்கு நேரம் ஆகும், சின்னதா ஒரு தொகை வச்சிடுங்க, ரேட்டை அதுக்கப்புறம் பேசலாம். மொத்தமா போட்டதுக்கப்புறம் பிரிக்கச் சொன்னா நூல் வந்துடும், ஆனா பட்டுல ஊசி குத்துன ஓட்டை அப்படியே தெரியும், அந்த துணிக்கு யாரும் காசு தரப்போறதில்ல.