அயுத்தயாவில் ஒரு நாள்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள்தான் கைக்கு வந்தது. முழங்கால் அறுவை சிகிச்சையைத் தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். பத்து வருடமாக எந்தத் தை என்று மட்டும் நீ சொல்வதே இல்லை.

தாய்லாந்து போய் வந்துவிட்டேன். பாங்காக்கில் பேரன் பேத்திகளோடு கடை கடையாகப் பை தூக்கியதுதான் மிச்சம். ஒரு நாள் மட்டும் தப்பித்து, மூன்றாம் வகுப்பு ரயிலில் அயுத்தயாவுக்குப் போனேன். நம் அயோத்திதான் அங்கே அந்தப் பெயரில் இருக்கிறது. 1350-இல் எழும்பி நானூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர். 1767-இல் பர்மியப் படை எரித்துப் போட்டது. ஸ்டேஷனிலிருந்து ஆற்றைப் படகில் கடந்து ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். சிரிக்காதே, விழவில்லை.

வாட் மகாதாட்டில் (வாட் என்றால் அங்கே கோயில்) மர வேர்கள் ஒரு புத்தர் தலையைச் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கின்றன. படம் எடுக்க வேண்டுமானால் குந்தி உட்கார வேண்டும். நம் தலை அவர் தலைக்கு மேல் நிற்கக் கூடாது. கூட்டம் முழுக்க அங்கேதான். எனக்கோ, சற்றுத் தள்ளி வரிசையாக உட்கார்ந்திருந்த தலையில்லாத புத்தர்களை விட்டு நகர மனம் வரவில்லை. கழுத்தோடு முடிந்துபோன செங்கல் உடம்பு. அதிலும் ஒருவருக்கு யாரோ காவித் துணியைத் தோளில் ஒழுங்காக மடித்துப் போர்த்தியிருந்தார்கள்.

எல்லாம் பர்மியர் செய்தது என்று நினைத்துக்கொண்டே அடுத்திருக்கும் வாட் ராட்சபுரானாவுக்குப் போனேன். அரியணைக்காக அண்ணன்கள் இருவர் யானைமேல் மோதி இருவருமே செத்தார்களாம். அரியணை கிடைத்த தம்பி, அவர்களை எரித்த இடத்தில் 1424-இல் கட்டிய கோயில் அது. (உன் பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினை ஞாபகம் வந்தது.) கோபுரத்துக்குள் நிலவறை ஒன்று. அதற்குள் பர்மியர் கண்ணில் படாமல் தப்பிக் கிடந்த தங்கத்தை 1957-இல் திருடர்கள் தோண்டி அள்ளினார்கள். பிடிபட்டபோது திரும்பிவந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணைக் கூசவைக்கிறது. மண்டியிட்ட குட்டித் தங்க யானை ஒன்று, உடம்பெல்லாம் கல் பதித்து, அம்பாரியோடு. அதன் முன் வெகுநேரம் நின்றேன். புத்தர் தலைகளிலும் பல இப்படித்தான் பழம்பொருள் சந்தைக்குப் போயிருக்கின்றன. நம் ஊர்க் கோயில் சிலைகள் போன வழிதான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிலவறைக்குள் இறங்கும் படிகள் செங்குத்தானவை, ஓர் ஆள் ஒடுங்கி இறங்கும் அகலம். மங்கிப்போன ஓவியங்களைப் பார்த்துவிட்டு ஏறுவதற்குள் என் முழங்காலும் உன் கட்சியில் சேர்ந்துவிட்டது.

திரும்பும்போது பஞ்சுமிட்டாயை மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தின்னும் பண்டம் ஒன்று வாங்கினேன். அந்த ஊர் இஸ்லாமியர்களின் கைப்பக்குவம். உனக்கென்று எடுத்துவந்த பொட்டலம் வழியிலேயே பாகாகிவிட்டது.

ஆஸ்பத்திரித் தேதியை எழுது. முதல் நாளே வந்துவிடுகிறேன்.

உன்,
சுந்தரம்