வெறுங்கையோடு வரும் இராவணன்

ஆசிரியருக்கு வணக்கம்.

புராண வில்லன்களை நாயகர்களாக்கும் காமிக்ஸ்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இது மரபைக் கெடுக்கிற வேலை என்று அதில் முடித்திருந்தது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் பல வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கும் முன்னால், செய்யாறு பக்கத்தில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில், துரியோதனன் களத்தில் விழுவதை நடத்திக் காட்டும் படுகளத்தன்று, அவனை மண்ணில் பிடித்துப் படுக்க வைத்திருப்பார்கள். பத்து ஆள் நீளம் இருக்கும். இராத்திரியெல்லாம் கண்விழித்த சனம் சுற்றி நிற்கும். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். அத்தோடு விட மாட்டார்கள், விழுந்தவனுக்கு ஒப்பாரியும் உண்டு. அவன் சாக வேண்டும் என்று விடிய விடியக் காத்திருந்தவர்களே அந்த உடம்பிலிருந்து ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இதைப் பார்த்து வளர்ந்தவனிடம் வில்லன் பக்கத்துக் கதை நேற்று வந்த மோஸ்தர் என்றால் எப்படி ஒப்புக்கொள்வேன்?

எழுத்திலும் அப்படித்தான். மைக்கேல் மதுசூதன தத்தர் 1861-லேயே இந்திரசித்தை நாயகனாக்கி வங்காளியில் காவியம் பாடிவிட்டார். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946-இல் வந்து, 1948-இல் தடையாகி, 1971-இல்தான் மீண்டது. 2011-இல் தில்லியின் கேம்ப்ஃபயர் பதிப்பகம் இராவணனை வைத்து ஒரு கிராஃபிக் நாவலே போட்டது.

சரி, எனக்குக் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. பேரன் புத்தகக் கண்காட்சியில் இராவணன் காமிக்ஸ் ஒன்று வாங்கி வந்தான். பெயர் வேண்டாம். இராவணன் ஜிம்முக்குப் போய் வந்தவன் மாதிரி இருக்கிறான். ஒரே தலை. அது எனக்குப் புரிகிறது. நடுத்தலை போக ஒன்பது மிஞ்சும், ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் ஐந்து என்று எப்படி வைத்தாலும் கோணும். வரைகிறவனுக்கு உண்மையிலேயே தலைவலி. ஆனால் சூர்ப்பணகையின் மூக்கு அறுபடுவதற்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்தவர்கள், சீதையைத் தூக்கிப் போவதை மூலையில் இரண்டு சின்னக் கட்டங்களில் முடித்துவிட்டார்கள். அசோக வனத்தில் அவளுக்கு ஒரு வசன பலூன்கூட இல்லை. இராமன் முகத்தில் மட்டும் எந்நேரமும் ஒரு கள்ளச் சிரிப்பு. பழைய படக்கதைகளில் அசுரனுக்குப் போட்ட கோரைப் பல்லைப் பிடுங்கி எதிராளி வாயில் நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வில்லனுக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறார்களே தவிர, அவன் மனசுக்குள் யாரும் போகவில்லை.

போன ஒருவர் இருக்கிறார். கம்பராமாயணத்தில் கும்பகருணன் வதைப் படலத்தின் ஆரம்பத்தை எடுத்துப் பாருங்கள். முதல் நாள் போரில் தோற்று இராவணன் திரும்புகிறான். யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதர் மெச்சப் பாடிய நாக்கு, மாலை சூடிய பத்து மகுடம், சிவன் கொடுத்த வாள், கடைசியில் வீரம். எல்லாவற்றையும் களத்திலேயே போட்டுவிட்டு 'வெறுங்கையோடு இலங்கை புக்கான்' என்கிறார் கம்பர். ஓவிய வாத்தியாராகச் சொல்கிறேன், இது அப்படியே ஒரு காமிக்ஸ் பக்கம். ஆறு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் தரையில் கிடக்கிறது. ஏழாவதில் காலியான இரண்டு கைகள். இருபது கை என்று சண்டைக்கு வருபவர்கள் இருபதும் வரைந்துகொள்ளட்டும்!

அப்புறம்தான் ஆச்சரியம். வானம் சிரிக்கும், பூமி சிரிக்கும், பகைவரெல்லாம் சிரிப்பார்கள் என்பதற்கு அவன் வெட்கப்படவில்லையாம். 'சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்'. தூக்கி வந்து சிறைவைத்த பெண் தன்னைப் பார்த்துச் சிரிப்பாளே என்று கூசுகிறான். அவன் செய்த குற்றத்தில் ஒரு துளியும் இங்கே குறையவில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் நாம் அவனுக்குள் நின்றுகொண்டிருக்கிறோம். கம்பர் இராமனைத் தெய்வமாகவே பாடியவர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த முயற்சிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். இளம் ஓவியர்களைக் கூப்பிட்டு இந்த இரண்டு பாட்டை மட்டும் கொடுத்து ஆளுக்கு இரண்டு பக்கம் வரையச் சொல்லுங்கள். வந்ததில் நல்லதை உங்கள் இதழில் போடுங்கள்.

வீட்டில் நான் ஆரம்பித்துவிட்டேன். பாட்டைச் சொன்னதும் பேரன் பென்சிலை எடுத்துக்கொண்டு, "தாத்தா, சீதை சிரிக்கிறதை வரையணுமா, வேண்டாமா?" என்று கேட்டான். வரைந்தால் அவள் நிஜமாகச் சிரித்ததாகிவிடும், அது அவன் பயம்தானே, வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இராவணன் தலைக்கு மேல் மேகம் மாதிரி ஒரு நினைவு பலூன் போட்டு, அதற்குள் அவள் உதட்டை மட்டும் வரைந்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
செய்யாறு.