கூழாகிப்போன ஈயம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. ஸ்போகேனில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாய் என்பதும், மகளும் பேத்தியும் இந்த வருடம் முழுக்க உன்னோடுதான் இருக்கப்போகிறார்கள் என்பதும் படிக்கவே நிறைவாக இருந்தது. இங்கே ஒஹாயோவில் நாங்கள் இருவரும் நலம். வீட்டுச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்த ஈய விஷயத்துக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

டயர் கடையிலிருந்து ஒரு வாளி நிறைய வாங்கிவந்த பழைய வீல் வெயிட்டுகளை, அதாவது கார்ச் சக்கரம் சமமாகச் சுழல அதன் விளிம்பில் மாட்டும் எடைக்கட்டிகளை, உருக்கியபோது மேலே கேழ்வரகுக் கூழ் போலத் திரண்டு நின்றது என்றும், அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டும் அது கரையவில்லை என்றும், அச்சில் வார்த்த துப்பாக்கிக் குண்டுகள் சுருக்கம் விழுந்து, அடி விளிம்பு மழுங்கி வந்தன என்றும் எழுதியிருந்தாய். சுருக்கத்தை மட்டும் சொல்லியிருந்தால், அச்சு சூடேறவில்லை அல்லது அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன். புதிதாக வார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கூழ் மட்டும் இருந்து, சூடு ஏறியதும் மறைந்திருந்தால், ஈயத்தோடு ஆன்டிமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை இன்னும் முழுதாக உருகவில்லை என்று பொருள். அதைக் கசடென்று வழித்து எறிபவர்கள் ஈயத்தின் கடினத்தையே எறிந்துவிடுகிறார்கள். நீ சொல்வது இரண்டும் சேர்ந்தது, அதுவும் சூட்டுக்கு அசையாதது. உன் சட்டியில் துத்தநாகம் கலந்துவிட்டது.

இதில் உன் கை மேல் பழியில்லை, வாளியின் மேல்தான். நான் என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தில், ஒரு வாளி வீல் வெயிட் என்றால் ஏறக்குறைய எல்லாமே காரீயம். கவ்விப் பிடிக்கும் அந்தக் கட்டிகளில் நூற்றுக்கு மூன்று பங்கு போல ஆன்டிமனி இருந்ததால், எதையும் சேர்க்காமல் அப்படியே வார்க்கலாம். பிறகு ஐரோப்பாவில் 2005 முதல் புது வண்டிகளுக்கு ஈய எடை கூடாது என்றானது. கலிபோர்னியா 2010-லும், உன் வாஷிங்டன் மாநிலம் 2011-லும் அதை விலக்கின. அவற்றின் இடத்துக்கு வந்தவை இரும்பும் துத்தநாகமும். எனவே உன் ஊரில் இன்று கிடைக்கும் வாளியில் ஈயம்தான் சிறுபான்மை.

இரும்பு உன்னை ஏமாற்றாது. அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். துத்தநாகமும் ஈயத்தைவிட இலேசானது என்பதால் முதலில் மிதக்கத்தான் செய்யும். ஆனால் காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, துத்தநாகம் 419-ஐத் தாண்டியதும் உருகுகிறது. இடையில் இருப்பது தொண்ணூறு டிகிரிச் சொச்சம். வெப்பமானி இல்லாமல் கேஸ் அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டால் அந்த இடைவெளி எப்போது கடந்துபோனது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சம் கலந்தாலும் போதும், உருகிய ஈயத்தின் மேல் பாலாடை போல ஒரு தோல் படர்ந்து, அச்சின் மூலை முடுக்குகளுக்குள் அதை ஓடவிடாமல் தடுத்துவிடும்.

ஆகவே வேலை முழுவதும் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே இருக்கிறது. வாளியைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு கட்டியாகக் கையில் எடுத்துப் பார். பலவற்றில் துத்தநாகத்துக்கு இசட்-என் என்றும், இரும்புக்கு எஃப்-ஈ என்றும் எழுத்து பொறித்திருக்கும். அவற்றை அப்போதே தனியே போடு. எழுத்தில்லாதவற்றைச் சிமெண்டுத் தரையில் ஓரடி உயரத்திலிருந்து விழவிடு: ஈயம் தொப்பென்று விழுந்து கிடக்கும், துத்தநாகம் கணீரென்று துள்ளும். அதிலும் ஐயம் இருந்தால் கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரால் ஓரத்தைக் கடித்துப் பார். ஈயத்தில் வாய் வெண்ணெயில் போல இறங்கி, வெட்டிய இடம் ஒரு கணம் வெள்ளியாய்ப் பளபளக்கும். துத்தநாகத்தில் பல் வழுக்கி ஒரு கீறல் மட்டும் விழும். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு வாளியைப் பிரிப்பேன். வயதான கைகளுக்கு அது நல்ல வேலை. உருக்கும்போதும் 370 டிகிரியை, அதாவது ஃபாரன்ஹீட் வெப்பமானியில் 700-ஐ, தாண்டவிடாதே. கண்ணுக்குத் தப்பிய துத்தநாகக் கட்டி உருகாமல் மேலே வரும், உடனே எடுத்துவிடு.

கெட்டுப்போன சட்டியை மீட்க முடியாதா என்று கேட்டிருந்தாய். கந்தகம் தூவித் துத்தநாகத்தைக் கசடாக்குபவர்கள் உண்டு. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்துத் துத்தநாகத்தை வெளியே இழுத்து, அதன் இடத்தில் கொஞ்சம் தாமிரத்தை ஈயத்துக்குள் விடுபவர்களும் உண்டு. வேதியியலின்படி இரண்டும் சரிதான். ஆனால் மூச்சைப் பிடிக்கும் கந்தகப் புகையில் நின்று சில டாலர் ஈயத்தை மீட்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைப் பாளங்களாக ஊற்றி, துத்தநாகம் கலந்தது என்று ஒவ்வொன்றிலும் எழுதி, பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிடு.

கொட்டகையில் கிடக்கும் இரண்டு கார் பேட்டரிகளைத் தொடவே தொடாதே. அவற்றின் தகடுகளில் ஆன்டிமனி, கால்சியம், ஆர்சனிக் எல்லாம் இருக்கக்கூடும். அவற்றை உருக்கினால் வரும் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் எழும்பும். பேட்டரி விற்கும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. ஈரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்று வருடங்களுக்கு முன், தூறல் நின்ற ஒரு காலையில், நனைந்திருந்த நான்கைந்து கட்டிகளை உருகிய ஈயத்துக்குள் போட்டுவிட்டேன். தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்கு விரிகிறது. பாதிச் சட்டி ஈயம் கூரை வரை எகிறியது. முகக்கவசம் அணிந்திருந்ததால் கண் தப்பியது. அதன் கண்ணாடியில் ஒட்டிய ஈயத் துளிகளை இன்னும் சுரண்டாமல் வைத்திருக்கிறேன்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலையானது. ஈயத்தை 350 டிகிரியில் வைத்திருந்தால் எழும் ஆவி மிகக் குறைவு. ஆபத்து அந்தச் சாம்பல்நிறக் கசடுத் தூளில் இருக்கிறது. அது கையிலும் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், அங்கே உன் பேத்தி தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைப்பாள். குழந்தைகளுக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் எட்டினாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வரம்பைக் குறைத்தது. உருக்கும் வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள், செருப்பைக் கொட்டகையிலேயே விடு, தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடை, உன் சட்டையைக் குழந்தையின் துணிகளோடு துவைக்காதே.

வெள்ளீயம் சேர்த்தால் அச்சு நன்றாக நிரம்பும் என்று யாரோ சொன்னதாகவும், ஊரிலிருந்து வந்த ஈயச்சொம்பை உருக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அச்சு நன்றாக நிரம்பும் என்பது உண்மைதான், நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். ஆனால் அந்தச் சொம்பில் உன் அம்மா ரசம் வைத்ததை விடுதி விடுமுறைகளில் உன் வீட்டுக்கு வந்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். நம் மொழி வெள்ளீயத்தையும் காரீயத்தையும் ஈயம் என்றே அழைப்பதால், சொம்பும் சட்டியும் ஒரே அலமாரியில் ஏறிவிடுமோ என்று அஞ்சுகிறேன். வெள்ளீயத்தைக் கடையில் பட்டையாக வாங்கிக்கொள். சொம்பு சமையலறையிலேயே இருக்கட்டும். ஈயத்தில் ஒரு முறை நுழைந்த கரண்டியோ சட்டியோ திரும்பச் சமையலறைக்குள் வரக் கூடாது.

அக்டோபரில் அங்கே வருகிறோம். என் வெப்பமானியைக் கொண்டு வருகிறேன். மீதி வாளியை அதுவரை உருக்காமல் மூடி வை, இருவரும் உட்கார்ந்து பிரிப்போம். அதற்கு முன் உனக்கும் பேத்திக்கும் இரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடு. முடிவு வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்