இமாம் என்றால் எந்த இமாம்?

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மேற்காசியக் கட்டுரையில், சன்னிகளுக்குக் கலீஃபா எப்படியோ, ஷியாக்களுக்கு இரானின் உச்சத் தலைவர் அப்படி என்று ஒரு வரி வந்திருந்தது. சிறிய வரிதான். ஆனால் இரண்டு பக்கமும் பிழை.

கலீஃபா பதவியைத் துருக்கி நாடாளுமன்றம் 1924 மார்ச் 3 அன்று ஒழித்தது. அதன்பின் சன்னிகள் எல்லோரும் ஏற்கும் கலீஃபா எவரும் இல்லை. அதனால் அவர்களுடைய தொழுகையோ நோன்போ நின்றுபோகவும் இல்லை. கலீஃபா ஆளுகிறவர், மார்க்கச் சட்டத்தை ஆராய்ந்து சொல்கிறவர்கள் உலமாக்கள். இந்த எல்லையை மீறிக் கலீஃபாக்கள் கொள்கை விஷயத்தில் கட்டளையிட்டபோது, அதற்குப் பணிய மறுத்துச் சாட்டையடி வாங்கியவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல். ஹன்பலி மத்ஹப் என்ற மார்க்கச் சட்ட மரபு அவர் பெயரில்தான் இருக்கிறது, அடித்தவர் பெயரில் இல்லை.

ஷியாக்களின் கதை வேறு. கதீர் கும் என்ற இடத்தில் நபிகள் நாயகம் தம் மருமகன் அலியின் கையைப் பற்றி, "நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலியும் மவ்லா" என்று சொன்னதை இரு தரப்பு நூல்களுமே பதிவு செய்திருக்கின்றன. வழக்கு அந்த ஒரு சொல்லின் மேல்தான். மவ்லா என்றால் நேசத்துக்குரியவர் என்கிறார்கள் சன்னிகள். தலைவர் என்கிறார்கள் ஷியாக்கள். ஆகவே ஷியாக்களுக்கு இமாம் என்பவர் மக்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் ஆள் அல்லர், இறைவனால் நியமிக்கப்பட்டவர். அவர்களில் பெரும்பான்மையினர் 12 இமாம்களை ஏற்கிறார்கள். பன்னிரண்டாமவர் 874இல் மக்கள் கண்ணிலிருந்து மறைந்தார், இன்னும் உயிரோடு இருக்கிறார், திரும்பி வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை.

அவர் இல்லாத காலத்தில் யார் சொல்லைக் கேட்பது? இங்கேதான் உங்கள் கட்டுரையாளர் சறுக்கியிருக்கிறார். சாதாரண ஷியா ஒருவர், வாழும் பேரறிஞர்களில் தமக்கு நம்பிக்கையான ஒருவரை மர்ஜாவாக, அதாவது பின்பற்றும் வழிகாட்டியாகத் தாமே தேர்ந்துகொள்கிறார். அவருடைய சட்டக் கையேட்டைப் பார்த்துத் தொழுகை முதல் வணிகம் வரை ஒழுங்கு செய்துகொள்கிறார். செலவு போக மிஞ்சும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு குமுஸ் என்ற மார்க்கக் கடமைத் தொகை. அதில் பாதி இமாமுக்குரிய பங்கு என்பதால் மர்ஜாவின் பொறுப்பில் சேர்கிறது. ஒரே வீட்டில் தந்தை ஒரு மர்ஜாவையும் மகள் வேறொருவரையும் பின்பற்றலாம். சட்ட அறிஞரே ஆளவும் வேண்டும் என்ற கோட்பாட்டை, பின்னாளில் இரானின் முதல் உச்சத் தலைவரான கொமெய்னி 1970இல் இராக்கின் நஜஃபில் விரிவுரைகளாக முன்வைத்தபோது, அதே ஊரில் இருந்த பெரிய மர்ஜாவான அல்-கூயி அதை ஏற்கவில்லை. இரானின் அரசியல் சட்டம் எல்லா ஷியாக்களின் மார்க்கமும் ஆகிவிடாது.

மற்ற பிரிவுகளைக் கட்டுரை தொடவே இல்லை. அலியின் மகன்களான ஹசன் அல்லது ஹுசைன் வழிவந்த அறிஞர் ஒருவர் அநீதியை எதிர்த்து எழுந்தால் அவரே இமாம் என்பது ஷியாக்களில் ஒரு பிரிவான யேமனின் ஸைதிகள் கொள்கை. அங்கே இமாம்களின் ஆட்சி 1962 வரை நீடித்தது. சன்னியும் ஷியாவும் அல்லாத ஓமானின் இபாதிகளோ குலம் பார்ப்பதில்லை; நெறி தவறும் இமாமை நீக்கவும் அவர்கள் கொள்கையில் இடமுண்டு. ஷியாக்களில் இன்னொரு பிரிவான நிஸாரி இஸ்மாயிலிகளுக்கோ இமாம் எப்போதும் கண்முன்னே வாழ்கிறவர்: 2025 பிப்ரவரியில் நான்காம் ஆகா கான் காலமானதும் அவர் மகன் ரஹீம் 50ஆவது இமாமானார்.

பள்ளிவாசலில் முன்னின்று தொழவைப்பவரையும் இமாம் என்றுதான் அழைக்கிறோம் என்பதால் குழப்பம் இயல்பே. ஆனாலும் 'ஷியாக்களின் தலைவர்' என்று அச்சிடுமுன், எந்த ஷியாக்கள் என்று கட்டுரையாளரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்