பெட்டியின் மறுமுனை

அன்புள்ள செல்வம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். கமலா அக்கா பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. குட்டி வழக்கம்போலப் பந்தி வரை இருந்தான், மொய் எழுதும்போது ஆளைக் காணோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் பள்ளிப் பிள்ளைகளுக்காக அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் மியூவான் எண்ணும் கருவி ஒன்று செய்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக, கதிர்வீச்சை உணரும் இரண்டு கைகர் குழாய்கள். இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால்தான் சிவப்பு விளக்கு எரியும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதுவதால் பிறக்கும் துகள் அது. உள்ளங்கையை விரித்தால் நொடிக்கு ஒன்றாவது துளைத்துக்கொண்டு போகும்.

அப்பா நாற்காலியைப் போட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "டாட்டா ஆளுங்க சாம்பியன் ரீஃப்ல இப்படித்தான்டா வச்சிருந்தாங்க. கண்ணாடிக் குழாயெல்லாம் நாங்கதான் கேஜ்ல இறக்கினோம்."

கோலார் தங்கவயலின் அந்தச் சுரங்கத்தில் நடந்ததை 84 வயதில் முதல்முறையாகச் சொல்கிறார்! வைக்கோல் திணித்த பெட்டியாம். சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான அந்தக் கேஜ் குலுங்கும்போதெல்லாம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாராம். கீழே இருந்த வெக்கையில் சட்டையைப் பிழிந்தால் சொட்டுமாம். பெட்டியின் மறுமுனையைப் பிடித்தவர் யார் என்று கேட்டேன். உன் அப்பா, செல்வம்.

அவை துகள் கடந்தால் மின்னும் நியான் குழாய்கள். அந்தக் கோலார் சோதனை நான் வகுப்பில் இருபது வருடமாகச் சொல்லும் பாடம். அந்தக் குழாய்கள் நம் வீட்டு ஆட்கள் தொட்டவை என்று எனக்குத் தெரியாது.

உனக்கு இயற்பியல் என்றாலே கொட்டாவி வரும், இதை மட்டும் படித்துவிடு. ஆழம் போகப்போக மியூவான் குறையும். கோலாரில் அதை ஒவ்வொரு மட்டமாக அளந்துகொண்டே இறங்கினார்கள். 2.7 கிலோமீட்டருக்கும் கீழே கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. அந்தச் சைபரைத்தான் அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மேலிருந்து வருவதன் இரைச்சல் அடங்கிய இடத்தில்தானே, எதிலும் எளிதில் மோதாமல் பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளைத் தேட முடியும்?

அப்புறம் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், துகள் பட்டால் மினுக்கும் பிளாஸ்டிக் பலகைகளைச் சுவர்போல நிறுத்தி, நடுவே இந்தக் குழாய்களை அடுக்கி, பக்கவாட்டில் வரும் மியூவானுக்காகக் காத்திருந்தார்கள். வானத்து மியூவான் படுக்கைவாட்டில் அங்கே வர வேண்டுமானால் எத்தனையோ கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டும், அதனால் முடியாது. அப்படியும் ஒன்று வந்தால் அது பக்கத்துப் பாறைக்குள்ளேயே பிறந்தது. பிறப்பித்தது நியூட்ரினோ. 1965இல் வந்தது! நீ இருக்கும் கொலாபாவில் கடலோரம் நிற்கிறதே டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், அவர்களும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து பிடித்தார்கள். அதே வருடம் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் கிடைத்தது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

நாம் கோலி ஆடிய மண்ணுக்கு அடியில் நடந்த காரியம் இது. நமக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கும்போது கோபமாக வருகிறது. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு தண்ணீர் ஏறிவிட்டது, இனி இறங்கிப் பார்க்க வழியில்லை. அன்று இறங்கியவர்களில் அப்பாவுக்குத் தெரிந்து உயிரோடு இருப்பவர் தங்கராஜ் சித்தப்பா ஒருவர்தான். அப்பா சொல்லச்சொல்லப் பெயர்களை நோட்டில் எழுதுகிறேன். சில நாள் பாதியில் மறந்துவிடுகிறார், மறுநாள் வேறு பெயர் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, செல்வம்.

உன் அம்மாவிடம் கேள். உன் அப்பா இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா? அந்தக் காலத்து போட்டோ, ஷிப்ட் வில்லை, எது இருந்தாலும் எடுத்து வை. தங்கராஜ் சித்தப்பாவின் நம்பரை இன்றைக்கே அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு நீ வந்ததும் அப்பாவைத் தங்கவயலுக்கு மாரிக்குப்பம் ரயிலில் கூட்டிப்போவோம். அவருக்கு ஜன்னலோரம் வேண்டுமாம்.

அன்புடன்,
ரவி